உடல் முழுக்கச் சீழ்க்கொப்புளம், ஏ.ஜி.இ.பி. (பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் திடீரெனச் சீழ்க்கொப்புளம் வெடிக்கும் தோல் நோய்) சந்தேகம்: இரண்டு மருந்தில் எது காரணம்?

கேள்வி (தோல் வார்டு, பெங்களூரு):
ஓசூரிலிருந்து வந்த 48 வயதுப் பெண். முடக்குவாதத்துக்கு 18 நாளாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். சைனஸ் தொந்தரவுக்கு முந்தாநாள் இரவு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஆரம்பித்திருக்கிறார்கள். நேற்று இரவு காய்ச்சல் 101.5. இன்று காலை அக்குள், மார்புக்கு அடி, தொடையிடுக்கு எல்லாம் சிவந்து வீங்கி, அதன்மேல் குண்டூசித் தலையளவு வெண்கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில். ரத்தத்தில் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) 14,200. வாய், கண் இரண்டும் சரியாக இருக்கின்றன. சோரியாசிஸ் இருந்ததில்லை. 'சீழ் இருக்கிறதே, வேறு ஆன்டிபயாடிக் போடலாம்' என்று யூனிட்டில் பேச்சு. காரணம் எந்த மருந்து என்று எழுதுவது?

பதில் 1 (தோல் மருத்துவர்):
டாக்டர், முதலில் இரண்டையும் நிறுத்துங்கள். நாள் கணக்குப்படி அமாக்ஸிசிலின்மேல்தான் சந்தேகம் அதிகம். ஆன்டிபயாடிக்கால் வருவது பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் வெடித்துவிடும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், டில்டியாசெம் (ரத்த அழுத்த மருந்து) போன்றவை ஒரு வாரத்துக்கு மேல், சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். 18 நாள் அந்தக் கணக்குக்குள் வருவதால் அதையும் விட்டுவிட முடியாது. ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வது ஆபத்து.

அது கிருமிச் சீழ் இல்லை. மருந்தை அடையாளம் கண்ட டி செல்கள் (எதிர்ப்புச் செல்கள்) ஐ.எல்.-8 என்ற அழைப்புப் புரதத்தைச் சுரந்து நியூட்ரோஃபில்களை மேல்தோலுக்கு இழுக்கின்றன. அவை தேங்குவதுதான் கொப்புளம். ஆன்டிபயாடிக் வேண்டாம். கல்ச்சர் மட்டும் எடுங்கள், அதுவும் உடையாத புதுக் கொப்புளத்தை ஸ்டெரைல் ஊசியால் திறந்து. உரிந்த இடத்தில் ஸ்வாப் எடுத்தால் தோல்மேல் சும்மா இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி வளரும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது மறுபடி பெனிசிலின் வகை எழுதிவிடுவார்கள். இதைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

கொப்புளம் மயிர்க்காலில் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். ஏ.ஜி.இ.பி.யில் இருக்காது. 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸியும் இன்றே. நாளைக்கு உரிய ஆரம்பித்தால் பயன் குறைவு.

பதில் 2 (தோல் நோயியல்):
சோரியாசிஸ் வரலாறு இல்லை என்பதால் மட்டும் பஸ்டுலர் சோரியாசிஸை (சீழ்க்கொப்புளத்தோடு வரும் சோரியாசிஸ்) தள்ளிவிடாதீர்கள். ஸ்லைடில் இரண்டிலும் ஸ்பாஞ்சிஃபார்ம் (பஞ்சு போன்ற) சீழ்க்குழி தெரியும். பாப்பில்லரி டெர்மிஸ் (மேல்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கு) வீக்கம், ஈசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு), அங்கங்கே செத்த கெரட்டினோசைட் (மேல்தோல் செல்) இருந்தால் மருந்துப் பக்கம் சாயும். எபிடெர்மிஸ் (மேல்தோல்) தடித்து, ரத்தக்குழாய் வளைந்து நெளிந்திருந்தால் சோரியாசிஸ். ஐ.எல்.36ஆர்.என். மரபணு மாற்றம் இரண்டிலும் சிலரிடம் காணப்படுவதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) தொடங்கலாமா?

பதில் 1:
இப்போதே வேண்டாம். இது சோரியாசிஸாக இருந்துவிட்டால், ஸ்டீராய்டைக் குறைக்கும்போது கொப்புளம் திரும்பப் பொங்கும். சலைன் நனைத்த காஸ், 10-15 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை; பிறகு பீட்டாமெத்தசோன் க்ரீம், மடிப்புகளில் வீரியம் குறைந்தது. உரியத் தொடங்கியதும் லிக்விட் பாரஃபின். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஈரல், சிறுநீரகப் பரிசோதனையை விடாதீர்கள். கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்து தோல் மேலாக உரிவதைப் பார்த்து டென் (தோல் பெரும்பரப்பில் செத்து உரியும், உயிருக்கு ஆபத்தான மருந்து ஒவ்வாமை) என்று பயப்படுவதுண்டு. வாய், கண், பிறப்புறுப்பை தினமும் பாருங்கள், அவை புண்ணானால் நோயறிதலையே மறுபடி யோசிக்க வேண்டும்.

பதில் 3 (மருந்தியல்):
ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உடலில் வாரக்கணக்கில் தங்கும். நிறுத்தி 15 நாளாகியும் புதுக் கொப்புளம் வந்தால் அதன்மேல் சந்தேகத்தை ஏற்றுங்கள். காய்ச்சல் வந்த பிறகு கொடுத்த பாராசிட்டமால் போன்றவற்றைத் தனியாக எழுதுங்கள், கணக்கைக் குழப்பும். பேட்ச் டெஸ்ட் (மருந்தைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை) முழுதாக ஆறி 4-6 வாரம் கழித்து. நெகட்டிவ் வந்தாலும் மருந்து நிரபராதி என்று ஆகாது. வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

பி.வி.பி.ஐ. (மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இந்திய அரசுத் திட்டம்) படிவம் நிரப்புங்கள், இலவச எண் 1800-180-3024. நோயாளியிடம் கொடுக்கும் ஒவ்வாமை அட்டையில் பிராண்ட் பெயர் எழுதினால் ஓசூர் கடையில் வேறு பிராண்டில் அதே அமாக்ஸிசிலின் கிடைத்துவிடும். மூலப்பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, 'பெனிசிலின் வகை எதுவும் கூடாது' என்று கீழே சேர்த்துக் கொடுங்கள்.