தகடு வேண்டாம், ‘ஈரக்கண்ணாடி’

அன்புள்ள நண்பர்களுக்கு,

சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனைப் படக்காரர் பிரான்சிஸ் சித் பற்றிய குறிப்பில், மருந்து பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுக்கும் பழைய ‘வெட் பிளேட்’ முறைக்கு ‘ஈரத்தகடு’ என்று ஐயா போட்டிருக்கிறார். ஈரம் சரி. தகடுதான் ஒட்டவில்லை.

தகடு என்றதும் செம்பும் பித்தளையும்தான் கண்ணில் வருகின்றன. பாங்காக்கில் அப்படி ஒரு தகடும் இருந்தது. 1845இல் பாதிரியார் லார்னோதி பிரான்சிலிருந்து கொண்டுவந்த தாகேரியோடைப் கருவி, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் எடுப்பது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். 1863இல் சாந்தா குரூஸ் தேவாலயத்துக்கு எதிரே, சாவ் பிரயா ஆற்றில் மிதந்த வீட்டில் கடை திறந்த சித்தின் கையில் இருந்தது கண்ணாடி.

கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியின் நடுவில் ஊற்ற வேண்டும். நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்துச் சாய்த்துப் பரப்பி, மிச்சத்தை ஒரு மூலை வழியே குப்பியில் வடிக்க வேண்டும். அப்புறம் இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் படமும் எடுத்து, காய்வதற்குள் அதைக் கழுவியும் ஆக வேண்டும். மொத்தமே பத்துப் பதினைந்து நிமிடம்; வெயில் ஊரில் அதுவும் கிடைக்காது. 1864இல் வாட் அருண் கோவில் கோபுரத்தில் ஏறி பாங்காக் நகரைத் துண்டு துண்டாகப் படமெடுத்தவர் இந்த ஈரத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். அதனால் ‘ஈரக்கண்ணாடி முறை’ என்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியோடு குழம்பாதா என்றால், முன்னால் ‘ஈர’ நிற்கும்போது குழம்பாது.

கொலோடியனுக்கு ‘நெகிழ்மப் படலம்’ வேண்டவே வேண்டாம். நெகிழியோடு போய் ஒட்டிக்கொள்ளும். கொலோடியன் ஒரு பொருளின் பெயர், சோடியம் போல அப்படியே இருக்கட்டும்.

சித்துக்கு அரசவை தந்த பட்டங்களைப் பாருங்கள். முதலில் ‘குன் சுந்தோன் சாதிதலக்’: சுந்தரம், சாதிருசம், லட்சணம், அதாவது அழகாக ஒத்த சாயல். பிறகு சுலாலோங்கோன் மன்னர் காலத்தில் அரண்மனை எரிவாயு ஆலை அவர் பொறுப்பில் வந்தபோது ‘லுவாங் அக்கனி நருமித்’. அக்னியும் நிர்மிதமும்தான், தீயை ஆக்குபவர். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலுக்கு மேல்நாட்டுப் பெயரைத் தேடாமல், அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு சிக்கல் உண்டு. இரும்பில் எடுத்த டின்டைப்பும் ‘வெட் பிளேட்’ வகைதான். அதற்கு மட்டும் ஐயாவின் ‘ஈரத்தகடு’ அப்படியே பொருந்தும். இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?