ஷெனில் துணி: ஒன்று நாறுகிறது, ஒன்று வழுக்கையாகிறது, ஒன்று அப்படியே இருக்கிறது

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):
சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் குளியலறை வாசலுக்கு ஒரு கால்மிதியும், சோபாவுக்கு ஓர் உறையும், அம்மாவின் கட்டிலுக்கு ஒரு விரிப்பும் வாங்கினோம். மூன்றுமே ஷெனில் என்றுதான் கடைக்காரர் சொன்னார். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்து கால்மிதி நான்கு நாளானாலும் காயாமல் நாறுகிறது. சோபா உறையில் பேரன் வழக்கமாக உட்காரும் இடம் வழுக்கையாகிவிட்டது. விரிப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இது ஏன்?

பதில் (கரூர், நெசவுத் தொழிலில் இருப்பவர்):
ஐயா, பெயர்தான் ஒன்று, செய்முறை வேறு. ஷெனில் என்றால் பிரெஞ்சு மொழியில் கம்பளிப்பூச்சி. இரண்டு மைய இழைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு நூல் துண்டுகளை வைத்து முறுக்கினால், நூல் அந்தப் பூச்சியைப் போலவே நாற்புறமும் சிலிர்த்து நிற்கும். துண்டுகளைத் தாங்குவது அந்த முறுக்குதான். ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டே இருந்தால் அவை ஒவ்வொன்றாக நழுவி, மைய இழை வெளியே தெரியும். விலை கூடிய சில நூல்களில் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும் நைலான் இழையையும் சேர்ப்பார்கள். தங்கள் உறையில் அது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

விரிப்பு குஞ்சத் தையல் வகையாக இருக்கலாம். பருத்தி அடித்துணியில் தடித்த நூலைக் கோத்து, மேற்புறம் வெட்டிவிட்டு, வெந்நீரில் அலசுவார்கள். துணி சுருங்கிக் குஞ்சங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில் கேத்தரின் எவன்ஸ் என்ற பெண் 1895-இல் இப்படி ஒரு விரிப்பைச் செய்தார். 1900-இல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். அவ்வூரின் பெரிய கம்பளத் தொழில் அதிலிருந்து கிளைத்ததே. விரிப்பைப் புரட்டிப் பாருங்கள். பின்புறம் வரிவரியாகத் தையல் தெரிந்தால் அந்த வகைதான்.

பதில் (ஆரியங்காவு, கொல்லம் மாவட்டம்):
விரல் விரலாகத் தொங்கும் கால்மிதிகள் பெரும்பாலும் பாலியஸ்டர். இழைகளின் இடுக்கில் தண்ணீர் தேங்குகிறது. அடியில் ரப்பர் பூச்சும் இருந்தால் கீழ்வழியாகக் காற்றுப் புகாது. எங்கள் மழைக்கு இரண்டு கால்மிதிகளை மாற்றி மாற்றிப் போட்டாலும் போதவில்லை. ஆடி முடியும்வரை என் மாமியாரின் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துப் போடுகிறோம். காலையில் நனைந்தது மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. பார்வைக்கு அழகில்லைதான்.

கேட்டவர்:
நன்றி. புரட்டினேன், தையல் வரிகள் இருக்கின்றன. உறையின் வழுக்கையைச் சரிசெய்ய வழியுண்டா?

கரூர்:
இல்லை, ஐயா. விழுந்த நூல் துண்டு திரும்ப ஏறாது. பேரன் உட்காரும் இடத்தில் ஒரு துவாலையை விரித்துவிடுங்கள்.