சார்லி காஃப்மனை நாங்கள் சந்தித்த இடங்கள்: திரைக்கதை, இயக்கம், நாவல்

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சார்லி காஃப்மனின் எழுத்தை முதன்முதலில் எங்கே, எப்படி எதிர்கொண்டீர்கள் என்பதை உறுப்பினர்கள் இங்கே எழுத வேண்டுகிறேன். நானே தொடங்கி வைக்கிறேன்.

கல்லூரி விடுதியில் நண்பனின் கணினியில் ‘பீயிங் ஜான் மால்கோவிச்’ (1999) ஓடி முடிந்தபோது, அதை இயக்கியவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. எழுதியவர் யார் என்றுதான் கேட்டேன். அந்தப் படத்தில் ஓர் அலுவலகம் ஏழரையாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தி, கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்துதான் அங்கே இறங்க முடியும். கூரை தாழ்வு என்பதால் ஊழியர்கள் அனைவரும் கூனிக்கொண்டே நடக்கிறார்கள், அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை. அங்கே இருக்கும் துளைக்குள் நுழைந்தால் ஒரு நடிகரின் தலைக்குள் 15 நிமிடங்கள் இருக்கலாம் என்பதைவிட, அந்தக் கூனல் நடைதான் என்னை அசைத்தது.

அதற்கு முன் காஃப்மன் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். எழுத்தாளர் சூசன் ஆர்லீன் ஆர்க்கிட் மலர்களைப் பற்றி எழுதிய நூலைத் திரைக்கதையாக்கும் பணியை ஏற்று, அது வசப்படாமல் போகவே, எழுத முடியாமல் தவிக்கும் தன்னையே கதைக்குள் இழுத்துப்போட்டு ‘அடாப்டேஷன்’ (2002) எழுதினார். இல்லாத ஓர் இரட்டைச் சகோதரனை டொனால்ட் என்று படைத்து, எழுத்தாளர் பெயர்ப்பட்டியலிலும் சேர்த்தார்; அந்தக் கற்பனைச் சகோதரனும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டான். அந்த ஆண்டு நான் ஒரு குறும்படத்துக்கு எழுத உட்கார்ந்து, முதல் காட்சியை ஒன்பது முறை அடித்துத் திருத்திவிட்டுக் கைவிட்டிருந்தேன். ஆகவே, படத்தில் காஃப்மனாக நடித்த நிக்கோலஸ் கேஜ் தட்டச்சுப்பொறியின் முன் வியர்த்து வழிந்தபோது அரங்கில் மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ (2004) அவருக்கு ஆஸ்கரே வாங்கித் தந்தது என்றாலும், என் வாக்கு ‘அடாப்டேஷ’னுக்குத்தான்.

———

நண்பர் எழுத்தாளராக அவரைக் கண்டிருக்கிறார். எனக்கு அவர் இயக்குநராகத்தான் அறிமுகமானார், அந்த அறிமுகம் இனிமையாக அமையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘சினெக்டகி, நியூயார்க்’ (2008) படத்தை முதலில் ‘பீயிங் ஜான் மால்கோவிச்’, ‘அடாப்டேஷன்’ படங்களின் இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ்தான் இயக்குவதாக இருந்தது; அவர் வேறொரு படத்துக்குப் போய்விட்டதால் காஃப்மனே முதன்முறையாக இயக்கினார். முதல் தடவை நான் பாதியில் தூங்கிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து, தொடக்கத்தில் வரும் காலை உணவுக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வானொலி இலையுதிர்காலத்தின் முதல் நாள் என்கிறது, சற்று நேரத்தில் செய்தித்தாளின் தேதி அக்டோபரைக் காட்டுகிறது, பால் கெட்டுவிட்டிருக்கிறது, குடும்பத்தின் பேச்சு முடிவதற்குள் நவம்பரும் வந்துவிடுகிறது. ஒரே உணவு மேசையில் வாரங்கள் நழுவிப் போவதை அந்த மனிதன் கவனிக்கவில்லை, முதல் தடவை நானும் கவனிக்கவில்லை.

கதாநாயகனுக்கு அவர் இட்ட பெயர் கோட்டார்ட். தான் இறந்துவிட்டதாகவே நம்பும் மனநோய்க்கு மருத்துவத்தில் அதுதான் பெயர். பின்னர் ‘அனோமலிசா’வில் (2015) வரும் விடுதியின் பெயர் ஃப்ரெகோலி. காண்பவர் அனைவரும் மாறுவேடமிட்ட ஒரே ஆள்தான் என்று எண்ணும் மயக்கத்தின் பெயர் அது. அதற்கேற்ப, நாயகனையும் நாயகியையும் தவிர அந்தப் பொம்மைப் படத்தில் வரும் அத்தனை பேருக்கும் ஒரே முகம், நடிகர் டாம் நூனனின் ஒரே குரல். பொம்மைகளின் முகத்தகடுகள் சேரும் கோட்டை அழிக்காமல் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அதை ஒருமுறை கண்டுகொண்ட பிறகு என் பார்வை அங்கேயே போய் நின்றது.

இரண்டு படங்களுக்கும் இடையில் ஏழு ஆண்டுகள். முன்னதற்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவாகி, திரையரங்குகளில் அதில் கால்பங்குகூடத் திரும்பவில்லை. பின்னதற்கு 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டல் தளம் வழியாகப் பொதுமக்களிடம் 4 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும்பரிசு வாங்கிய படத்துக்கு இந்த நிலை. ஆனாலும் மனம் விட்டுச் சொன்னால், ஜோன்ஸும், ‘எடர்னல் சன்ஷைன்’ எடுத்த மிஷேல் கோன்ட்ரியும் இயக்கியபோது அவருடைய எழுத்துக்கு இருந்த துள்ளல், அவரே இயக்கும்போது குறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் பாரம் ஏறுகிறது.

———

பாரம் என்று சொன்னவர் காஃப்மனின் ‘ஆன்ட்கைண்ட்’ நாவலைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். 2020இல் வெளிவந்தது, 700 பக்கங்களுக்கு மேல்.

தொண்ணூறு ஆண்டுகள் செலவிட்டு ஒரு முதியவர் உருவாக்கிய, பார்த்து முடிக்க மூன்று மாதங்கள் பிடிக்கும் படமொன்றை ஒரு திரைவிமர்சகன் காண்கிறான்; பிறகு அது எரிந்துபோகிறது, எஞ்சியது ஒற்றைச் சட்டகம். மீதியை அவன் நினைவிலிருந்து மீட்கப் பார்க்கிறான். எந்தத் தயாரிப்பாளரும் தொட முடியாத படத்தைக் காகிதத்தில் எடுத்துவிட்டார் என்றே எனக்குப் பட்டது. அந்த விமர்சகனுக்குப் பிடிக்காத இயக்குநர் யார் தெரியுமா? சார்லி காஃப்மன். அவரை அவன் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் திட்டித் தீர்ப்பதும், திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழிகளில் மறுபடி மறுபடி விழுவதும் என்னைப் பேருந்தில் உரக்கச் சிரிக்க வைத்தன. நடுவில் இருநூறு பக்கங்களை எவராவது வெட்டியிருக்கலாம் என்றும் நினைத்தேன்.

நூலகத்திலிருந்து எடுத்த பிரதி அது. மூன்றாவது முறையாகக் கெடு நீட்டிக்கக் கேட்டபோது நூலகர் திரையைப் பார்த்துவிட்டு, “வேறு யாரும் இதைக் கேட்டு வரவில்லை, நிதானமாகவே படியுங்கள்” என்றார்.