மாசமா இருக்கும்போது பிரஷர்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பத்தாங் பொண்ணு:
எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. 34 வாரம். ஊரு மலேசியாவுல பெஸ்தாரி ஜெயா, நமக்கு இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். கிளினிக்ல மிஸ்ஸி, அதான் நர்ஸ், புரதம் போகுதான்னு பார்க்க யூரின்ல குச்சிய முக்கினாங்க. மஞ்சள் கட்டம் கண்ணு முன்னாடியே பச்சையாச்சு. பிரஷர் 160/110. புக்குல சிவப்பு ஸ்டிக்கர், அப்படியே ஆம்புலன்ஸ். கூட வந்த மாமியைப் பார்த்து எல்லார் முன்னாடியும், "தினம் கருவாடு போட்டு என்னை இப்படி ஆக்கிட்டீங்க"ன்னு கத்திட்டேன். அவங்க ஒண்ணும் பேசல. கழட்டிப் போட்ட என் செருப்பை எடுத்துப் பையில வச்சிக்கிட்டாங்க. மறுநாள் டாக்டர், இது ப்ரீ-எக்ளாம்ப்சியா, மாசமா இருக்கும்போது வர்ற பிரஷர் நோய், நஞ்சுக்கொடி சரியாப் பதியாததுல ஆரம்பிக்கிறது, கருவாட்டைத் திட்டாதீங்கன்னாரு. அன்னையிலேருந்து எங்க வீட்டுல கருவாடே இல்ல. நானும் மன்னிப்பு கேக்கல.

செம்பனைக்காரன்:
உப்பு காரணம் இல்லன்னா எப்படி லா? என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம் மோதிரமே கழட்ட முடியல. பாக்கெட் மீ நூடுல்ஸ், சோயா கிச்சாப், அப்பளம் எல்லாத்தையும் நிறுத்தினோம், வீக்கம் வத்திருச்சு. கண்ணால பார்த்தவன் சொல்றேன்.

தையல்கடை:
அண்ணே, வீக்கம் வேற, இது வேற. எங்கம்மா அஞ்சு மாசம் உப்பு டப்பாவை ஒளிச்சு வச்சு வெறும் கஞ்சி ஊத்தினாங்க. அப்படியும் 36 வாரத்துல கண்ணு முன்னாடி பூச்சி பறந்துச்சு, வார்டுல போட்டுட்டாங்க. என்னை உறுத்துறது வேற. கிளினிக்ல குடுத்த கால்சியம் மாத்திரை சுண்ணாம்பு மாதிரி தொண்டையில ஒட்டும்னு காலி மைலோ டின்ல போட்டு மூடி வச்சிருந்தேன். ஒழுங்கா சாப்பிட்டியான்னு டாக்டர் கேட்டப்போ, ஆமான்னேன்.

பழைய மிஸ்ஸி:
தோட்டத்து ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவ நான். தலைவலிக்குப் பனடோல் போட்டுப் படுத்த பிள்ளைய நடு ராத்திரி வலிப்போட லோரியில கொண்டுவந்தாங்க. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத மாட்டேன்.

தம்பி, உப்பைக் குறைச்சா இது வராதுங்கிறது தப்பு. உலக சுகாதார நிறுவனமே இதுக்காக உப்பை நிறுத்தச் சொல்லல. அதுக்காகக் கருவாட்டை அள்ளவும் வேணாம், யாருக்குமே நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ளதான். கால்சியம் கம்மியா சாப்பிடுற இடங்கள்ல கர்ப்பிணிக்கு நாளைக்கு 1.5லேருந்து 2 கிராம் கால்சியம் குடுக்கச் சொல்றாங்க, அதுதான் ஆபத்தைக் குறைக்குது. கேழ்வரகு 100 கிராம்ல கிட்டத்தட்ட 340 மில்லிகிராம் இருக்கு. பாலு, முருங்கைக்கீரை, முள்ளோட நெத்திலி எல்லாம் சேருங்க. நெத்திலிய ஊறவச்சு உப்புத் தண்ணிய ஊத்திருங்க. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒண்ணா முழுங்காதீங்க, தேத்தண்ணியோட வேணவே வேணாம். முன்னாடி பிரசவத்துல இது வந்தவங்களுக்கு 12 வாரத்துக்கு மேல சின்ன அளவு ஆஸ்பிரின் குடுப்பாங்க, டாக்டர் சொன்னாத்தான், பக்கத்து வீட்டு மாத்திரை இல்ல. தலைவலி, கண்ணு மங்கல், வலது விலாவுக்குக் கீழ வலி வந்தா அன்னைக்கே ஓடுங்க. பிள்ளை பிறந்தப்புறமும் வலிப்பு வரும், தெரியுமா?

செம்பனைக்காரன்:
சரி மிஸ்ஸிம்மா, வாய மூடிக்கிறேன். கேழ்வரகு மாவு இங்க எந்தக் கடையில கிடைக்கும்?

பத்தாங் பொண்ணு:
நேத்து பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில சுறாக் கருவாடு வாங்கி மேசையில வச்சேன். மாமி, "யாருக்கு இது?"ன்னாங்க. உங்களுக்குன்னு சொல்ல வாய் வரல. "சும்மா வாங்கினேன்"ன்னுட்டேன்.