அருங்காட்சியகப் பொருள் நாட்டின் கதையைச் சொல்கிறதா, நாடு அதன் மேல் கதையை ஏற்றுகிறதா?

ஏடகன்:
ஆட்சி மாறினால் பாடப்புத்தகத்தை மாற்றி எழுதிவிடலாம். கல்லில் செதுக்கியதை அப்படி மாற்ற முடியாது. ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் அதன் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

ஜிம்பாப்வே பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேட் ஜிம்பாப்வே என்பது 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை சாந்தே பூசாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய பெருநகரம். ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது. அங்கே மாக்கல்லில் செதுக்கிய பறவைகள் தூண்களின் உச்சியில் நின்றன. காலனிக்காரர்கள் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒன்று பிரிட்டிஷ் காலனியத் தலைவர் செசில் ரோட்ஸின் கேப்டவுன் வீட்டுக்கே போனது. 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்த நகரத்தின் பெயரைத் தன் பெயராக வைத்தது, பறவையைக் கொடியில் ஏற்றியது. மறு ஆண்டே ஒரு பூச்சிச் சேகரிப்பைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்துப் பறவைகள் சிலவற்றை மீட்டது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று சொன்னவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

செங்கோடன்:
அண்ணா, அதே பறவை 1968இல் ரொடீசியாவின் (விடுதலைக்கு முன் ஜிம்பாப்வேயின் பெயர்) கொடியிலும் இருந்தது. கொடியின் நடுவில் இருந்த அரசுச் சின்னத்தின் உச்சியைப் பாருங்கள், அங்கே நிற்பது இந்தப் பறவைதான். வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி அதைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டே, "இதை ஆப்பிரிக்கர் கட்டியிருக்க முடியாது, மத்தியதரைக் கடல் வணிகர்களான பினீஷியர் கட்டினார்கள், பைபிளில் வரும் ஷேபா ராணியின் ஆட்கள் கட்டினார்கள்" என்ற கதையை வளர்த்தது. ஆப்பிரிக்கர் கட்டியது என்று வழிகாட்டி நூல்களில் எழுதக் கூடாது என்று தொல்லியலாளர்களை நெருக்கினார்கள். பறவை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. யார் கொடியில் ஏற்றினாலும் ஏறிக்கொண்டது. பொருள் பேசும் என்ற நம்பிக்கைதான் எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

ஹங்கேரியின் புனித மகுடத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த நாட்டின் அடையாளம் என்றால் அதுதான். புனித இஸ்த்வான் மன்னரின் மகுடம் என்று பெயர். ஆனால் அவர் இறந்தது 1038இல். மகுடத்தின் கீழ்ப்பகுதி 1070களில் பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில் செய்தது. அதில் பதித்திருக்கும் பற்சிப்பிப் படங்களை (உலோகத்தின் மேல் வண்ணக் கண்ணாடியை உருக்கிச் செய்தவை) உற்றுப் பாருங்கள். பின்பக்கத்தில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் மிக்கேல் மேலே இருக்கிறார், தலையைச் சுற்றி ஒளிவட்டம். ஹங்கேரிய மன்னர் கேசா கீழே இருக்கிறார், அவருக்கு ஒளிவட்டம் இல்லை. வேறொரு பேரரசின் பட்டறையில், அந்தப் பேரரசரை ஒரு படி உயர்த்திச் செய்த வேலை. இதை எப்படி ஹங்கேரியின் ஆன்மா என்று சொல்வது?

ஏடகன்:
தம்பி, எங்கே செய்தார்கள் என்பதை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த மகுடத்தின் உச்சியில் இருக்கும் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு காலத்தில் அடிபட்டு வளைந்தது. நிமிர்த்துவது பெரிய வேலை இல்லை, ஆனாலும் யாரும் நிமிர்த்தவில்லை. இன்றைய ஹங்கேரிய அரசுச் சின்னத்திலும் சிலுவையைச் சாய்வாகவே வரைகிறார்கள். 1945இல் அமெரிக்கப் படையிடம் போய், ஃபோர்ட் நாக்ஸில் தங்கத்தோடு பூட்டிக் கிடந்து, 1978இல் திரும்பி வந்தது. 2000இல் அருங்காட்சியகத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கே கொண்டு போனார்கள். இத்தனை நூற்றாண்டு ஒரு மக்கள் விடாமல் காத்த பொருள் அந்த மக்களுடையதுதான். செய்தவர் யாராக இருந்தால் என்ன?

செங்கோடன்:
காத்தார்கள் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அது அந்த மக்களைப் பற்றிய செய்தி, மகுடத்தைப் பற்றியது இல்லை. நான் சொல்வதும் இதுதான்.

மண்ணடுக்கு:
தொல்லியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அழகான பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். கிரேட் ஜிம்பாப்வேயில் உண்மையைச் சொன்னது பறவை இல்லை, பானை ஓடு.

1902இல் அந்த இடத்துக்குக் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், பழைய வெள்ளைக்கார நாகரிகத்தைத் தேடுவதாகச் சொல்லி, ஆப்பிரிக்கர் வாழ்ந்து சேர்ந்த "குப்பை" என்று பல அடி மண்ணை வாரி வெளியே கொட்டினார். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, வீட்டுத் தரை எல்லாம் போயிற்று. அதாவது அந்த நகரத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்றையே தூக்கி எறிந்தார். பறவைகளை மட்டும் எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எறிந்த மண்ணை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

அப்புறம் 1905இல் ராண்டல் மெக்கைவர் தோண்டினார். வணிகத்தில் வந்த வெளிநாட்டுப் பீங்கான் துண்டுகளை வைத்து இது இடைக்கால நகரம், ஆப்பிரிக்கர் கட்டியது என்று சொன்னார். நம்ப மறுத்தார்கள். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன், பெண்களே இருந்த ஒரு குழுவோடு வந்து, கலையாத மண்ணடுக்குகளைத் தேடித் தோண்டினார். எந்தத் தரைக்கு அடியில் எந்த ஓடு, எந்த மணி என்று குறித்து, அதே முடிவுக்கு வந்தார். அவர் காட்டிய ஓட்டுத் துண்டுகளை எந்தக் கொடியிலும் யாரும் வரைய மாட்டார்கள். ஆனால் அவற்றை எந்த அரசாலும் பினீஷியருடையது ஆக்க முடியவில்லை.

செங்கோடன், பொருள் மௌனமானது என்றீர்கள். எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பைப் பறித்துவிட்டால்தான் அது மௌனம். குறிப்போடு இருக்கும் ஓடு நன்றாகவே பேசும். ஏடகன் ஐயா, பதில் பறவையில் இருக்கிறது என்றீர்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அழகான பொருளை விரும்பியவர்கள்தான் அந்த மண்ணை அழித்தார்கள்.

ஏடகன்:
ஓடு சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டைப் பார்த்து ஒரு குழந்தை "இது என் நாடு" என்று நெஞ்சு நிமிர்த்துமா? விடுதலை வாங்கிய மக்களுக்கு ஆய்வறிக்கை மட்டும் போதாது. கண்ணால் பார்த்துப் பெருமைப்பட ஒன்று வேண்டும். அந்தத் தேவையைச் சின்னதாக நினைக்காதீர்கள் அம்மா. அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு அது சோற்றைப் போல அவசியம்.

நிலாமகள்:
பெருமை தரும் பொருளைத்தான் வைக்க வேண்டுமா? வாஷிங்டனில் 2016இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் எம்மெட் டில்லின் சவப்பெட்டி இருக்கிறது. 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்து, சுட்டுக் கொன்ற 14 வயதுக் கறுப்பினப் பையன். முகம் அடையாளமே தெரியாமல் சிதைந்திருந்தது. "என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும்" என்று தாய் மேமி சிகாகோவில் பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்துக்கு அது பெரிய உந்துதல்.

எந்த அரசும் கொடியில் போட விரும்பாத பொருள் அது. அந்த நாட்டை அறிய எந்த மகுடத்தையும்விட அந்தப் பெட்டி எனக்குப் போதும்.

செங்கோடன்:
நிலாமகள், நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது எப்படி அங்கே வந்தது என்றும் பாருங்கள். 2005இல் விசாரணைக்காக உடலைத் தோண்டி எடுத்து, புதுப் பெட்டியில் திரும்பப் புதைத்தார்கள். பழைய பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது 2009இல்தான் தெரியவந்தது. நாடு ஐம்பது ஆண்டு மறக்க விரும்பியதை, ஒரு குடும்பமும் ஒரு சமூகமும்தான் மறக்கவில்லை. ஆக அது யாருடைய அடையாளம்? அமெரிக்கா முழுவதுமா, அந்த நாட்டால் காயப்பட்டவர்களா? "நாட்டின் அடையாளம்" என்று ஒருமையில் சொல்லும்போதே பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள்.

மண்ணடுக்கு:
இரண்டு நாடு ஒரு பொருளைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மொகெஞ்சதாரோவில் சூதுபவள மணி கோத்த ஒரு மேகலை கிடைத்தது. ஒவ்வொரு மணியும் விரல் நீளத்துக்கு மேல். அவ்வளவு நீளக் கல்லில் உடையாமல் துளை போடவே ஒரு கைவினைஞருக்குப் பல நாள் பிடிக்கும். நாலாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் தப்பித்தது. பிரிவினைக்குப் பிறகு தொல்பொருள்களைப் பங்கு போட்டபோது அந்த மேகலையைப் பிரித்து, மணிகளைப் பாதி இந்தியாவுக்கும் பாதி பாகிஸ்தானுக்கும் கொடுத்தார்கள். ஒரு கழுத்தணிக்கும் இதே கதிதான். வெண்கல நடன மங்கை 10.5 சென்டிமீட்டர் உயரம்தான். அவளை வெட்ட முடியாது, டெல்லியில் இருந்துவிட்டாள். பூசாரி அரசர் என்று சொல்லும் மாக்கல் சிலை 1972இல் பாகிஸ்தானுக்குப் போனது.

சிந்துவெளி மக்களுக்கு இந்த இரண்டு நாடும் தெரியாது. ஆனால் 1947ஐப் பற்றி அந்த அறுத்த மேகலை சொல்லும் அளவுக்கு வேறு எந்தப் பொருளும் எனக்குச் சொன்னதில்லை.

ஏடகன்:
அப்படியானால் திரும்பக் கோக்க வேண்டும். இரண்டு அரசும் பேசி, ஆறு மாதம் டெல்லியில், ஆறு மாதம் கராச்சியில் முழு மேகலையாக வைக்கட்டும். செய்தவர் கோத்த விதத்தில் மக்கள் அதைப் பார்க்க வேண்டும். இதில் எந்த நாட்டுக்கும் இழப்பு இல்லை.

செங்கோடன்:
நான் கோக்க விடமாட்டேன் அண்ணா. கோத்துவிட்டால் பங்கு போட்டவர்கள் செய்தது மறைந்துவிடும், அடுத்த தலைமுறை அதை முழுசாகவே கிடைத்தது என்று நினைக்கும். இரண்டு பாதியும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொன்றின் விளக்கப் பலகையிலும் மறுபாதி எந்த நாட்டில் இருக்கிறது, எப்போது, எதற்காகப் பிரித்தார்கள் என்று பெரிய எழுத்தில் போடட்டும்.

மண்ணடுக்கு:
பலகைக்கு என் வாக்கு. கோப்பதற்கும் மறுப்பில்லை, ஆனால் ஒரு நிபந்தனை: எந்த மணி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஏடகன் ஐயா ஒத்துக்கொள்வாரா?

ஏடகன்:
எண் போடுங்கள். ஆனால் முதலில் கோத்துவிடுங்கள்.