பழைய கட்டடங்களின் தீத் தெளிப்பான்கள்: திருகோணமலையில் கண்டவை

உப்புவெளிக் கடற்கரையோரத்தில் உள்ள ஒரு பழைய விடுதியின் தீத் தெளிப்பான்களை (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தாமாகவே நீர் தெளிப்பவை) முதன்முறை சோதிக்கப் போனபோது, முகாமையாளர் என்னை அவற்றின் குழாயில் இருந்த அழுத்தமானியின் முன்னால் நிறுத்தி, "தம்பி, முள் 5 பாரில் நிற்கிறது, இதற்கு மேல் என்ன பார்க்க இருக்கிறது?" என்று கேட்டார். முள் 5இல்தான் நின்றது. ஆனால், அசையாமல் நிற்கும் நீரின் அழுத்தத்தை மட்டுமே அது காட்டும். வழியில் அடைப்பு இருக்கிறதா என்பது நீரை ஓடவிட்டால்தான் தெரியும். பிரதான வடிகால் வால்வை முழுதாகத் திறந்தேன். கன்னங்கரிய நீர் அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தது (குழாய்க்குள் வருடக்கணக்கில் தேங்கிய நீர் அப்படித்தான் இருக்கும், பலர் பயந்து உடனே மூடிவிடுகிறார்கள்). முள் 1க்கும் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. தேடிப் போனால், எப்போதோ குழாய் திருத்த வந்தவர்கள் வெளி வால்வை மூடிவிட்டு, வேலை முடிந்ததும் இரண்டு சுற்று மட்டும் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். தீப்பிடித்திருந்தால் அந்த 5 பார் யாருக்கும் உதவியிராது.

மண்டபத்தில் வேறொரு கூத்து. சித்திரைப் புத்தாண்டுக்குக் கூரைக்கு வெள்ளை பூசியவர்கள் தெளிப்பான் தலைகளையும் விட்டுவைக்கவில்லை. 68 பாகை செல்சியசில் வெடிக்கவேண்டிய சிவப்புக் கண்ணாடிக் குமிழின்மேல் பெயின்ற் படிந்தால், வெப்பம் உள்ளே ஏறத் தாமதமாகும், குமிழ் தாங்கிப் பிடித்திருக்கும் நீர்த்துவார மூடியும் ஒட்டிக்கொள்ளலாம். தின்னர் போட்டுத் துடைத்துத் தருவதாக முகாமையாளர் சொன்னார். அது கூடாது, பூச்சுப்பட்ட தலையை மாற்றத்தான் வேண்டும் என்று விளக்குவதற்கே அரை நாள் போனது. கடற்பக்கத் தாழ்வாரத்தில் வாடைக்காற்றின் உப்புப் பட்டுக் களிம்பேறிய தலைகளையும் அத்தோடு கழற்றினோம்.

*

மேலே விடுதியைப் பற்றி அண்ணா எழுதியதைப் படித்ததும், எனக்கு நான் சோதிக்கப் போன துறைமுகப் பக்கத்துக் களஞ்சியசாலை ஒன்று நினைவுக்கு வந்தது. அரிசி மூட்டைகளைத் தெளிப்பானுக்கு ஒரு சாண் கீழே வரை அடுக்கியிருந்தார்கள். குறைந்தது 45 சென்ரிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் நீர் விரிந்து விழாது. மூட்டைகளை இறக்கச் செய்துவிட்டு, குழாயின் கடைசி முனையில் இருக்கும் சோதனை வால்வைத் திறந்தேன். நீர் தாராளமாகப் பாய்ந்தது, வெளிச்சுவர் மணியோ அடிக்கவே இல்லை. நீரோட்டத்தால் சுழன்று அடிக்கும் பழைய மணி அது. மணியின் மூடியைக் கழற்றினால், உள்ளே உள்ளங்கை அளவில் குளவி கட்டிய மண்கூடு, சுத்தியலையும் சேர்த்துப் பூசி இறுகியிருந்தது.