மறு: ஸ்கிரீன் பிரிண்டிங் – திரையச்சா, சல்லடையச்சா?

வணக்கம் அண்ணாச்சி,

ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குத் தமிழ்ச் சொல்லாக 'திரையச்சு' எனக்கு ஒப்பவில்லை. நாகர்கோவிலில் 19 வருடமாக இதே தொழில்தான். கடைப் பலகையில் 'திரையச்சு' என்று எழுதினால், கணினித் திரையில் தெரிவதை அப்படியே அடித்துத் தருவோம் என்றுதான் வருகிறவர் நினைப்பார். அது டிஜிட்டல் பிரிண்டிங்கின் வேலை அல்லவா?

ஸ்கிரீன் என்று நாங்கள் சொல்வது சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் துணி. வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் என்ற கூழைப் பூசி, இருட்டில் உலர்த்தி, அடிக்க வேண்டிய படம் கறுப்பாக உள்ள பாசிட்டிவ் பிலிமை ஒட்டி வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகித் துணியின் கண்களை அடைத்துவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து கண் திறக்கும். மை அந்தக் கண் வழியாகத்தான் இறங்குகிறது. ஐப்பசி மழையில் எமல்ஷன் சரியாகக் காயாவிட்டால், கழுவும்போதே உரிந்து 'ழ'வின் வால் போய்விடும்.

கண் இருப்பது சல்லடைக்கு. ஆகவே சல்லடையச்சு.

'வலையச்சு' வேண்டாம், குளச்சலில் வலை மீனுக்கு, கணினிக்காரர்களுக்கோ இணையம். எங்கள் வீட்டில் சல்லடையை அரிப்பு என்போம். ஆனால் மற்ற மாவட்டத்தார் அதைத் தோல் நோயாக எடுத்துக்கொள்வார்கள். 'சில்க் ஸ்கிரீன்' என்பதை அப்படியே பெயர்த்த 'பட்டுத்திரை'யும் பொருந்தாது, இப்போது யாரும் பட்டில் கட்டுவதில்லை.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு முன் ஒருவர் 25 டிஷர்ட் கேட்டு வந்தார். நெஞ்சில் ஆறு நிறத்தில் தேர்ப் படம். "ஸ்கிரீனே போடுங்க, அதுதானே மலிவு" என்றார். "நிறத்துக்கு ஒண்ணா ஆறு சல்லடை கட்டணும், அந்தக் கூலி முழுக்க 25 சட்டை மேல ஏறும்" என்றேன். அவ்வளவுதான், டிஜிட்டலுக்கு மாறிவிட்டார். அவரே பிறகு மகள் கல்யாணத்துக்கு ஒற்றை நிறத்தில் 1000 தாம்பூலப் பை கேட்டபோது சல்லடைதான் கட்டினோம். ஒரு தடவை கட்டிய கூலி ஆயிரம் பைக்கும் பிரிந்துவிடுகிறது. 'ஸ்கிரீன்' என்று எத்தனை முறை சொல்லியும் விளங்காத கணக்கு 'சல்லடை' என்றதும் விளங்கிற்று.

டிஜிட்டலுக்கு 'எண்ணிம அச்சு' போதும். அதில் அச்சே கிடையாதே என்று கேட்டிருந்தீர்கள். முறுக்கு அச்சு, வெல்ல அச்சு என்ற பொருளில் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அச்சுப்பொறி என்று வழங்கத் தொடங்கியபோதே சொல்லின் பொருள் விரிந்துவிட்டது. இனி அதைச் சுருக்க முடியாது.

மையை இழுக்கும் ரப்பர் பட்டைக்கு, ஸ்குயிஜிக்கு, 'வழிப்பட்டை' என்று வைத்திருக்கிறேன். மாவை வழிக்கிற அதே கைவாகுதான். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.